மூச்சு பிடிபட்ட இடம்

பொருளாதாரத்தை மூச்சு விடாமல் படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டு படித்தவள் ஒருத்திதான். மயிலாப்பூர் பக்கம் நாங்கள் படித்த பெண்கள் கல்லூரியில் அவளுக்குப் பெயரே மூச்சு. வருகைப் பதிவில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கபடியில் எதிரணிக்குள் போகிறவள் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். மற்றவர்கள் மூச்சு முட்டித் திரும்பி ஓடும் நேரத்தில்தான், இவள் யாரைத் தொடலாம் என்று நிதானமாக யோசிக்கவே ஆரம்பிப்பாள். "நடுவுல மூச்சு விட்டியா இல்லியாம்மா?" என்று ஒரு நடுவர் அவளிடமே கேட்டிருக்கிறார்.

பட்டினப்பாக்கத்து மீன்காரி மகள். கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மாவோடு சில வருஷம் மீன் விற்றுவிட்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தாள். எங்களைவிட மூத்தவள். ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டால் முதுகில் ஒன்று விழும்.

நான் கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு லைட் பிடிப்பவரின் மகள். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பொருளாதார வகுப்பிலும் முதல் ஆள். இந்த இரண்டையும் யாரும் கேட்காமலேயே சொல்வது என் வழக்கம். மூச்சுக்குப் பாடம் சொல்லித்தர விளையாட்டுத் துறை பி.டி. மேடம் என்னைப் பிடித்துப் போட்டது அதனால்தான்.

அரியர் வைத்திருப்பவளின் பெயரைப் பல்கலைக்கழக அணிக்கு அனுப்பமாட்டோம் என்பது எங்கள் கல்லூரியின் சட்டம். மூச்சுக்கு இருந்தது ஒரே ஒரு அரியர், பொருளாதாரம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு வயது வரம்பு வேறு உண்டு. அவளுக்கு அந்த வருஷம்தான் கடைசி. அதில் ஆடிய சான்றிதழ் கிடைத்தால் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குப் போய் நிற்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி மீன் கூடைதான்.

"இந்தப் பேப்பர்ல இவ பாஸாகணும். என்ன பண்ணுவியோ தெரியாது," என்றார் மேடம்.

"உக்காந்து படிச்சா தூக்கம் வருதுடி. ஓடிக்கினு படிச்சா வராது," என்றாள் மூச்சு.

அப்படித்தான் மைதானத்தில் பொருளாதாரம் ஆரம்பமானது. நான் கோட்டோரம் உட்கார்ந்து ஒரு பதிலை வாசிப்பேன். அவள் 'கபடி'க்குப் பதிலாக, "குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி, குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி" என்று பாடிக்கொண்டு உள்ளே பாய்வாள். விதியை முடித்து விளக்கத்துக்குள் போவாள். எதிரில் நிற்பவர்கள் சிரித்தே அவுட் ஆனார்கள்.

"மேடம், கபடின்னு சொல்லாங்காட்டி ஃபவுல் மேடம்," என்று ஒருத்தி முறையிட்டாள்.

"உனக்கும் நாலு எழுத்து ஏறட்டும். கால வாரு," என்றார் மேடம்.

ஏறியது. இரண்டே வாரத்தில் தமிழ் இலக்கியம் படித்தவளும் விலங்கியல் படித்தவளும் அந்த விதியைத் தூக்கத்தில்கூடச் சொன்னார்கள். சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதோடு மூச்சைச் சேர்ந்து மடக்கவும் கற்றுக்கொண்டார்கள். விதி, விளக்கம் எல்லாம் சொல்லி அவள் "உதாரணமாக" என்று வாயெடுக்கும்போது மூன்று பேர் அவள்மேல் விழுவார்கள். தினமும் அதே இடம்தான். இதை அப்போது யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

தேர்வில் அதே கேள்வி வந்தது. அதே அறையில் வேறு பேப்பர் எழுதிக்கொண்டிருந்த நான் பின் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு மழை மாதிரி எழுதினாள். பிறகு பேனா நின்றது. கண்ணை மூடி, மூச்சை அடக்கி, முதலிலிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தாள். பெஞ்சுக்கு அடியில் கால் தரையைத் தேய்த்தது. வலது கை மெல்ல நீண்டு, முன்னால் இருந்தவளின் தோளைத் தொட்டது.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த கண்காணிப்பாளர் அம்மா பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். என்ன காரியம் செய்தார் பாருங்கள். பாடிக்கொண்டிருப்பவளை அப்படிப் பிடிக்கலாமா?

மூச்சு கண்ணைத் திறக்கவில்லை. அந்த அம்மாவையும் இழுத்துக்கொண்டு, இரண்டு பெஞ்சைச் சாய்த்துக்கொண்டு, குப்புற விழுந்து, கையை நீட்டி வாசற்படியைத் தொட்டாள். தொட்ட பிறகுதான் மூச்சை விட்டாள்.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. நானாகவே போய்ச் சாட்சிக்கு நின்றேன்.

"எதுக்கும்மா ஓடின?" என்று கேட்டார் முதல்வர்.

"கையப் புடிச்சாங்க மேடம். புடிச்சா கோட்டத் தொடணும். அத்தான் தெரியும்."

"காப்பி அடிக்கலைன்னா அந்தப் பதிலைச் சொல்லு பாப்போம்."

அழகாகச் சொன்னாள். விதி, விளக்கம், பிறகு "உதாரணமாக". அத்தோடு நின்றது.

"அவ அந்த எடத்துலதான் மேடம் தினமும் மாட்டுவா," என்றேன் நான். "அதுக்கு மேல அவ போனதே இல்ல."

"நீயும் கபடியா?"

"இல்ல மேடம். நான் கிளாஸ் ஃபர்ஸ்ட்."

எடுபடவில்லை. ஒரு வருஷம் தேர்வு எழுதத் தடை. ஒரு வருஷம் கழித்து அவளுக்கு வயது தாண்டிவிடும். அதை அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அணி ரயிலேறிய அன்று மூச்சும் சென்ட்ரலுக்கு வந்தாள். எல்லோருடைய பைகளையும் தூக்கி ஏற்றினாள். அவளுடைய பனியனைப் போட்டிருந்த சின்னப் பெண்ணிடம், "மூச்ச மொதல்லயே செலவு பண்ணிடாத," என்று மட்டும் சொன்னாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். மூச்சு அதன் பிறகு கல்லூரிப் பக்கம் வரவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் அவளைப் பார்த்தேன். செக்யூரிட்டி உடுப்பு. பெண்களின் பைகளைத் திறந்து பார்க்கும் வேலை. ஒரு பையைத் தொட்டதும் ஒரு காலைப் பின்னால் வைக்கும் பழக்கம் போகவில்லை.

"நீ இப்ப இன்னாடி பண்ற?"

"காலேஜ்ல எகனாமிக்ஸ் எடுக்கறேன்."

"அப்ப சொல்லு. உதாரணமாகவுக்கு அப்பால இன்னா?"

"பசியோட இருக்கறவனுக்கு மொத இட்லி ரொம்பத் திருப்தியா இருக்கும். அடுத்தடுத்த இட்லில அந்தத் திருப்தி கொறைஞ்சுக்கிட்டே போகும். அவ்ளோதான்."

வரிசையில் நின்ற ஒரு பெண்மணியின் பையை மூடிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இட்லிக்காடி என் வேல போச்சு?" என்றாள். பிறகு சிரித்தாள். வரிசை நின்றுபோகும் அளவுக்குச் சிரித்தாள்.

வருஷா வருஷம் அந்த விதியை நடத்துகிறேன். "உதாரணமாக" என்று கரும்பலகையில் எழுதியதும் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். மேடத்துக்கு இட்லி ஞாபகம் வரவில்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். அவள் கோட்டைத் தொடும் வரைக்கும் நான் காத்திருக்கிறேன்.