காருக்கு முன்னால் நடக்கப்போகும் மகளுக்கு

புளியங்கூடல்,
ஊர்காவற்றுறை.
10.03.2025

அன்பு மகள் துஷாந்திக்கு அப்பா தில்லைநாதன் எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம். மனதளவில் அம்மா மட்டும் சுகம்.

சாரதி இல்லாமல் தானாக ஓடும் காருக்கு, வீதியில் நடப்பவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று கற்றுக்கொடுப்பது உன் வேலை என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அடுத்த மாதம் கம்பனிப் பெரியவர்கள் பார்த்திருக்க, நீயே அதன் குறுக்கே நடந்து காட்டப்போகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொலைபேசியில் கேட்டால், "பயப்பிடாதேங்கோ அப்பா, சந்தேகம் வந்தா அது நிண்டிடும்" என்கிறாய். சந்தேகம் வராவிட்டால்?

முப்பத்துநாலு வருசம் இந்த வீதியில் பஸ் ஓட்டியவன் நான். நடக்கிறவர்களை எவ்வளவு தூரம் முன்கூட்டி அறியலாம் என்று பார்க்க, நேற்றுக் காலை ஒரு கொப்பியோடு சந்தியில் போய் இருந்தேன். நிலாந்தி வீதியோரம் வந்து நின்றாள். 'கடப்பாள்' என்று எழுதினேன். கால்மணி நேரமாகியும் கடக்கவில்லை, பஸ்ஸுக்கு நின்றாளாம். நல்லம்மாக்கா ஆட்டைப் பிடித்தபடி மதிலோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தா. 'கடக்கமாட்டா' என்று எழுதி முடிக்கவில்லை, ஆடு கடந்தது, அதன் பின்னால் இழுபட்டு அக்காவும் கடந்தா. மூன்றாவதாக அப்புத்துரை அண்ணை. இரண்டு பக்கமும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "போங்கோ அண்ணை, ஒண்டும் வரேல்லை" என்று கையும் காட்டினேன். நடுவீதிவரை போனவர், வீட்டுக் கேற்றைப் பூட்டவில்லை என்ற நினைவு வந்து சடாரென்று திரும்பினார். அந்த நேரம் பார்த்து வந்த மீன்காரச் சுதாகரன் அவரை விலத்தப்போய் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள். அவனுக்கு முழங்கையில் உரசல், சூடை மீன் முழுக்கச் சேற்றுக்குள். "ஆர் அந்தாளைப் போகச் சொன்னது?" என்று அவன் எழும்பிக் கத்த, சந்தியே என்னைக் காட்டியது.

பிள்ளை, பெயர், வீடு, குணம் எல்லாம் தெரிந்த மூன்று பேர். மூன்று கணிப்பும் எனக்குப் பிழையாய்ப்போனது. ஒருவரையும் தெரியாத அந்தக் கார் என்ன செய்யும்? உனக்குப் பதிலாக வேறு யாரையாவது நடக்கவிடு என்று முதலில் எழுதினேன், பிறகு வெட்டிவிட்டேன். அவருக்கும் ஒரு அப்பா இருப்பார். ஏலாது என்று சொல்லிவிடு. அவ்வளவுதான்.

அம்மாவின் அன்பும் என் கெஞ்சலும் உன்னைச் சேரட்டும்.

அப்பா

பி.கு. (உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்): தபாற்கந்தோருக்கு வரும் வழியில், உன்னை நினைத்தபடி, பாராமல் வீதியில் இறங்கிவிட்டேன். பத்தடிக்கு முன்னமே றஜீபனின் ஓட்டோ நின்றிருந்தது. "நான் இறங்குவன் எண்டு எப்பிடியடா தெரிஞ்சது?" என்று கேட்டேன். "தெரியாது அண்ணை. நேற்றையில இருந்து உங்களைக் கண்டா நான் நிப்பாட்டிப்போடுவன்" என்றான். உன் காரும் இவனைப் போலத்தான் என்றால், நீ நட, பிள்ளை. முத்திரை ஒட்டியாயிற்று என்பதால்தான் இதைப் போடுகிறேன். உள்ளே இருப்பதை வாசிக்காதே.