சுடலைக்குக் கிடைத்த பதவி உயர்வு

ஒரு காட்டில் தேன் காய்ச்சும் ஆலை ஒன்று ஓகோவென்று நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் ஆலை எப்படி வந்தது என்று கேட்பவர்கள், அனுமதி கொடுத்தவர்களைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆலையின் முதலாளி ஒரு கரடி என்பது தெரிந்தால் கதைக்குப் போதும். தேனீக்களிடம் முறைப்படி கொள்முதல் செய்வதாகக் கரடி சொல்லும். தேனீக்கள் வேறு மாதிரி சொல்லும். அது தனி வழக்கு.

ஆலையின் நடுவில் கிணறு அகலத்துக்கு ஒரு கொப்பரை. அதன் குறுக்கே ஒரு பலகை. பலகையில் நின்றுகொண்டு, கொதிக்கிற தேனை நீளத் துடுப்பால் கிண்டுவது அணில்களின் வேலை. எடை குறைந்த பிராணிகளைத்தான் அந்தப் பலகை தாங்கும் என்று கரடி கண்டுபிடித்திருந்தது. பலகையைக் கொஞ்சம் தடிமனாகப் போடலாமே என்பதை மட்டும் அது கண்டுபிடிக்கவில்லை. தடுமாறினால் பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில்கூடக் கிடையாது.

சுடலை என்ற அணில் நாலு வருஷமாக அந்தப் பலகையில் நின்றவன். ஒருநாள் காலுக்கடியில் பலகை நெளிந்தது. அன்றைக்கே உட்கார்ந்து, "பலகை நடுவில் உளுத்துவிட்டது, மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் தடுப்பு வேண்டும்" என்று ஒரு கடிதம் எழுதி, ஆலை மேனேஜரான கீரியிடம் கொடுத்தான். கீரி மரியாதையாக வாங்கி, நகலில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தது. அதற்குமேல் எதுவும் செய்யவில்லை.

"உங்களுக்கு எதுக்கு இந்த ஊர்வம்பு?" என்று அவன் மனைவி இசக்கி சத்தம் போட்டாள். சத்தம் போட்டாலும் நகலைப் பத்திரமாக ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் மடித்து வைத்தாள்.

கடிதம் கொடுத்த பன்னிரண்டாம் நாள் காலையில் பலகை ஒடிந்தது.

கொப்பரையை இறக்கி வடிகட்டி, சுடலையை ஒரு வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள். இசக்கி அலறிக்கொண்டிருந்தபோது, "தேன் வீணாகலைங்க முதலாளி" என்று கீரி கரடியின் காதில் சொன்னது அவளுக்கு நன்றாகவே கேட்டது. அழுகை அந்த இடத்தில் நின்றுவிட்டது. இதற்கு ஒருத்தர் பதில் சொல்லியாக வேண்டும், அது யார் என்று ஊரறியத் தெரிந்தாக வேண்டும் என்று அன்றைக்கு அவள் மனசுக்குள் முடிவு செய்தாள்.

காட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. வேலையிடத்தில் யாராவது செத்தால் அரசாங்கம் விசாரிக்கும், குற்றவாளியைக் கூண்டில் ஏற்றும். விசாரிப்பதற்கென்றே ஓர் ஆய்வாளரை வைத்திருந்தார்கள். அவர் ஓர் ஆந்தை. ஆய்வை அலுவலக நேரத்தில், அதாவது பகல் பத்து மணியிலிருந்து ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்பது காட்டில் குஞ்சுகுளுவானுக்கெல்லாம் தெரியும். நியமன உத்தரவு போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் போட்டார்களோ என்னவோ.

ஆந்தை ஆய்வாளர் பதினொன்றரை மணிக்கு வந்தார். கீரி அவர் இறக்கையைப் பிடித்துக் கூட்டிவந்தது.

"அய்யா, இங்கன பாருங்க. இந்த இடத்துலதான் ஒடிஞ்சுது. உள்ளே பூரா உளுத்துக் கிடக்கு பாருங்க" என்று இசக்கி ஒடிந்த துண்டை நீட்டினாள்.

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்மா" என்றார் ஆந்தை, எதிரே இருந்த தூணைப் பார்த்து. பிறகு அறிக்கையில், 'பலகையில் குறை எதுவும் என் கண்ணில் படவில்லை' என்று எழுதினார். அந்த அறிக்கையில் பொய்யே கிடையாது.

எழுதிக்கொண்டே வந்தவர் படிவத்தில் ஒரு கட்டத்தில் வந்து நின்றார். "ஆலையோட பாதுகாப்பு அதிகாரி யாரு? இந்தக் கட்டம் காலியா இருந்தா கோப்பு மேலே நகராது. அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னா முதலாளி பேரைத்தான் எழுதணும்."

எழுதுங்க, எழுதுங்க என்று இசக்கி உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"அதெப்படிங்க இல்லாம இருக்கும்?" என்று கீரி சிரித்தது. "ஆள் இருக்காரு. உத்தரவு எங்கேயோ கோப்புல மாட்டிக்கிட்டுது. பத்துப் பதினைஞ்சு நாள் கொடுங்க, எடுத்து அனுப்பிடறேன்."

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கீரி மாலையோடு வந்தது. கூடவே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள்.

"ஏம்மா இசக்கி, மனசைத் தேத்திக்கோ. உன் வீட்டுக்காரரைப் பாதுகாப்பு அதிகாரியா உயர்த்தி முதலாளி போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டாரு. நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ளே இப்படி ஆகிப்போச்சு."

வந்திருந்த சொந்தபந்தமெல்லாம் சட்டத்தை வாங்கிக் கைமாற்றிப் பார்த்தன. அணில் குலத்தில் அதிகாரி ஆனவர்கள் அதுவரை யாருமில்லை. இசக்கிக்குத் தாங்க முடியாத அழுகை வந்தது, அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெற்றுக்கொண்டேன் என்று பாதத்தை மையில் ஒற்றி வைத்தாள். சுடலையின் படத்துக்குப் பக்கத்தில் உத்தரவை மாட்டி இரண்டுக்கும் பூப் போட்டாள். பாவம், பதினாறு நாள் சரியாகத் தூங்காதவள் வேறென்ன செய்வாள்?

ஒரு மாதம் கழித்து நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. தேன் ஆலையில் ஒரு தொழிலாளியின் சாவுக்குக் காரணமாக இருந்த பாதுகாப்பு அதிகாரி திரு. சுடலை நேரில் ஆஜராக வேண்டும் என்று அதில் இருந்தது.

ஏதோ தவறாக வந்திருக்கிறது என்று நினைத்து இசக்கி போனாள். சிரட்டைக்குள் இருந்த நகலையும் எடுத்துக்கொண்டாள். அதைக் காட்டினால் எல்லாம் தெளிந்துவிடும் என்று வழியெல்லாம் நம்பிக்கொண்டு போனாள்.

நீதிபதி ஓர் ஆமை. தலையை வெளியே நீட்டவே அரை மணி நேரம் ஆனது. அரசு வக்கீலான காகம் எழுந்து கண்ணாடிச் சட்டத்தில் இருந்த அதே உத்தரவைப் படித்தது. "பாதுகாப்பு சம்பந்தமான எல்லா முடிவுகளையும் எடுக்கும் முழு அதிகாரமும் முழுப் பொறுப்பும் இவருக்கே உரியது. முதலாளி உள்பட யாரும் இவர் உத்தரவில் தலையிட முடியாது." எவ்வளவு அழுத்தமாக எழுதினால் முதலாளி எவ்வளவு தூரம் தள்ளி நிற்கலாம் என்று கணக்குப் பார்த்து எழுதிய வாசகம் அது.

"அய்யா, அவுக பலகை சரியில்லைன்னு எழுதியே கொடுத்தாக" என்று இசக்கி நகலை நீட்டினாள். "இந்தா, முத்திரையே இருக்கு."

காகத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அம்மா, இந்தக் கடிதத்தை யார்கிட்டே கொடுத்தாரு?"

"மேனேஜர் அய்யாகிட்ட."

"மேனேஜர் அதை முறைப்படி பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பிட்டதா பதிவேட்டில் இருக்கு. பாதுகாப்பு அதிகாரி யாரு?"

இசக்கி நகலைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். காகம் கொடுக்கவில்லை.

காகம் நீதிபதியின் பக்கம் திரும்பியது. "கனம் நீதிபதி அவர்களே, பலகை உளுத்துப்போனது சுடலைக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு அவர் கையெழுத்தே சாட்சி. முழு அதிகாரம் இருந்தும் அவர் தடுக்கவில்லை. தெரிந்தே ஓர் ஏழைத் தொழிலாளியை அந்தப் பலகையில் ஏற்றினார். அந்தத் தொழிலாளியின் பெயர்..." காகம் தாளைப் புரட்டியது. "அவர் பெயரும் சுடலைதான்."

சுடலையின் சாவுக்குச் சுடலையே குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனையைக் குற்றவாளி முன்கூட்டியே அனுபவித்துவிட்டதால் மேற்கொண்டு எதுவும் தேவையில்லை என்று ஆமை பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நீதிமன்ற வாசலில் இருந்த ஆலமரத்தில், திருடர்கள் பெயருக்குக் கீழே சுடலையின் பெயரை எழுதி ஒட்டினார்கள். அரசாங்கத்தின் ஆண்டறிக்கையில், வேலையிட மரணங்களில் நூற்றுக்கு நூறு தண்டனை வாங்கிக் கொடுத்ததாக வந்தது.

வீட்டுக்கு வந்த இசக்கி சட்டத்தைக் கழற்றிச் சுவரோடு மோதி உடைத்தாள். அந்த நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேனே, என் கையாலேயே கொடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கரடிமேல் வந்த கோபத்தைவிடத் தன்மேலேயே அவளுக்கு வந்த கோபம் பெரிது.

அடுத்த வாரம் கீரி மறுபடி வந்து, கருணை அடிப்படையில் மேனேஜர் அறையைக் கூட்டிப் பெருக்கும் வேலை தருவதாகச் சொன்னது. வயிறு இருக்கிறதே, போனாள். போகிற வழியில் கொப்பரையைப் பார்த்தாள். புதுப் பலகை போட்டிருந்தார்கள். அதே தடிமன். தடுப்பு இல்லை. அதன்மேல் பேச்சிமுத்து நின்றுகொண்டிருந்தான். சுடலையோடு வேலை பார்த்த இளவட்டம்.

"மதினி, வந்துட்டீகளா?" என்று துடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை ஆட்டினான். பலகை ஆடியது. இசக்கி ஓடிப்போய்க் கத்தினாள்.

"ஏலே, கையை ஆட்டாதடா! கீழே பாருடா!"

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள், தூசி தட்டும்போது மேனேஜரின் அலமாரியில் ஒரு தாள்கட்டு கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் தாளில் பேச்சிமுத்துவின் பெயர். 'பாதுகாப்பு அதிகாரியாக உயர்த்தப்படுகிறார்.' அடுத்ததில் மாடத்தி. அதற்கடுத்ததில் உலகநாதன். ஆலையில் நாற்பத்தொரு அணில்கள், கட்டுக்குள் நாற்பத்தொரு உத்தரவுகள். எல்லாவற்றிலும் கரடியின் கையெழுத்து, கீழே முத்திரை. தேதி மட்டும் எழுதாமல் விட்டிருந்தது. சுடலை விஷயத்தில் பட்ட அவசரம் இன்னொரு தடவை வேண்டாம் என்று கீரி முன்னேற்பாடாக இருந்தது.

இசக்கி தாள்கட்டை மடியில் செருகிக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று ராத்திரியே தாள்களை அணில்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. கொப்பரை கொதித்தது. "ம்ம், ஏறுங்க ஏறுங்க" என்று கீரி கையைத் தட்டியது. ஒருத்தரும் ஏறவில்லை.

பேச்சிமுத்து முன்னே வந்து ஒரு தாளை விரித்தான். அன்றைய தேதியை இசக்கி கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். "மேனேஜர் அய்யா, நான் இந்த ஆலையோட பாதுகாப்பு அதிகாரி. தடுப்பு வைக்கிற வரைக்கும் இந்தப் பலகையில ஒரு ஆளும் ஏறக்கூடாதுன்னு உத்தரவு போடுதேன். முதலாளி உள்பட யாரும் தலையிட முடியாது. இந்தா, அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

"நானும் பாதுகாப்பு அதிகாரி" என்றாள் மாடத்தி. "நானும் அதையேதான் சொல்லுதேன்."

நாற்பத்தொரு அதிகாரிகளும் ஆளுக்கொரு தாளோடு நின்றார்கள். கரடி தடதடவென்று ஓடிவந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு கத்தியது: "முட்டாப் பசங்களா, அது செத்தவனுக்குக் கொடுக்கிற உத்தரவுடா!"

தான் சொன்னது கரடிக்கே காதில் விழுந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டது. கீரி தரையைப் பார்த்தது.

அதற்குள் கிண்ட ஆளில்லாத தேன் அடிப்பிடிக்க ஆரம்பித்தது. கருகல் வாசம் எழுந்தது. ஒரு சாவைத் தாங்கிய ஆலையால் ஒரு கொப்பரை அடிப்பிடிப்பதைத் தாங்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் தடித்த பலகை வந்தது, இரண்டு பக்கமும் மூங்கில் தடுப்பு வந்தது. கரடியே நின்று கயிறு கட்டியது.

எல்லோரும் போனபிறகு இசக்கி அந்த மூங்கிலைத் தொட்டுப் பார்த்தாள். அரை நாள் வேலை. இதற்குத்தான் சுடலை செத்தான். தடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

அடுத்த வாரம், பேச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய், ஆலமரத்தில் இருக்கும் தன் புருஷன் பெயரை எடுத்துவிடச் சொல்லி மனுக் கொடுத்தாள். கரடி கத்தியதை நாற்பத்தொரு சாட்சிகள் கேட்டதையும் சொன்னாள். ஆமை தலையை நீட்டி மனுவை நிதானமாகப் படித்தது.

"நியாயமான மனுதான்மா. எடுத்துடலாம். ஆனா, குற்றவாளி நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமே. எப்போ வருவாரு?"

நீதி: பதவி உயர்வை உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளவும். செத்த பிறகு கிடைக்கும் பதவிக்கு அதிகாரம் கிடையாது, பொறுப்பு மட்டும்தான் உண்டு.