எண்ணூரில் ஒரு சிநேகமான கடை

நாள் முழுக்க நடந்தவனுக்கு, 'உட்காருங்க' என்று சொல்கிறவனெல்லாம் உத்தமன். இந்த உண்மை என் இருபத்திரண்டாவது வயதில் எனக்குத் தெரிந்தது. தெரிந்த விதம்தான் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இருந்தும் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் குறி போடுகிற வேலையில் இருந்தேன். தகர அச்சை மூட்டைமேல் வைத்து மையைத் தேய்த்தால் ரங்கூன் என்றோ கொழும்பு என்றோ விழும். ஊர் ஊராகப் பெயர் தேய்த்துக்கொண்டிருந்த நான் அதுவரை பார்த்த தூர தேசம் தண்டையார்பேட்டை. ராயபுரத்தில் அம்மாவும் நானுமாகக் குடியிருந்தோம். கொருக்குப்பேட்டையில் ஒரு ரயில்வே கார்டின் மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். பெயர் தனம். ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகும்போது வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்தாள். அந்தக் குனிவிலேயே என் கதை முடிந்துவிட்டது. (உயரமான பெண். என்னைவிட இரண்டு விரற்கடை அதிகம்.)

அவளுடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "நகை நட்டு ஒண்ணும் பேச வாணாம் தம்பி. குடிக்கிறவனுக்கு எம்பொண்ணு கெடயாது. இருவது வருசமா வண்டி பின்னால ஒக்காந்து பாக்கறேன், லைன் ஓரத்துல எத்தினி பேரு வுழுந்துகினு கீறான் தெரியுமா?"

நான் குடித்ததே இல்லை. அதனால் தைரியமாகத் தலையாட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக முடிவாயிற்று. மூளை உள்ளவன் வெள்ளிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்திருப்பான்.

எனக்குக் கன்னியப்பன் என்று ஒரு தோஸ்து. கிடங்கில் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டுகிறவன். கள்ளைப் பற்றி அவன் பேசினால் பனைமரமே இறங்கி வந்து கேட்கும். அவன் சொன்னான்: "மாமு, இன்னும் அஞ்சு நாளு. அப்பால ஜென்மத்துக்கும் கெடயாது. ஒரே ஒரு தபா குடிச்சிப் பாத்துடு. இன்னான்னே தெரியாம வுட்டுட்டா, மனசு கேட்டுகினே இருக்கும்."

எனக்கும் அதில் ஏதோ நியாயம் இருப்பதாகப் பட்டது. ஆனால் ராயபுரத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு அம்மாவுக்கு உறவு. ஆகவே கடை தூரமாக இருக்க வேண்டும். நம்மை யாருக்கும் தெரியக்கூடாது. இருந்தாலும் சிநேகமாக வரவேற்க வேண்டும். இப்படி ஒரு கடையைத் தேடி ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூரை நோக்கி நடக்க ஆரம்பித்தோம்.

அந்த நடை மட்டும் இன்றைக்கும் எனக்குச் சொப்பனம் மாதிரிதான் இருக்கிறது. கடலோரமாகவே போனோம். திருவொற்றியூர் தாண்டியதும் ஊர்ச்சத்தம் அடங்கிவிட்டது. அப்புறம் மணல், சவுக்கு, பனை. அலைச்சத்தம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் காதில் விழாமலே போயிற்று. சவுக்கு நிழலில் படுத்து ஒரு தூக்கம் போட்டோம். எழுந்தது கூட நிச்சயமாகத் தெரியவில்லை. தூங்கிக்கொண்டேதான் நடந்தோம் என்று நினைக்கிறேன். உப்பளத்துப் பக்கம் வந்தபோது தரையும் வானமும் ஒரே வெள்ளை. தனம் என் பக்கத்தில் நடந்து வருவதுபோல் இருந்தது. அவள் நிழல்கூட என்மேல் விழுந்தது. அத்தனை சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை. (திரும்பிப் பார்த்தால் பனைமரம்.)

வெயில் தாழ்ந்த நேரத்தில் எண்ணூர்ப் பனந்தோப்பு வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இடங்கள். இடது பக்கம் ஒரு குடிசை. வாசலில் ஒருவன் மட்டும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் கீற்றுப் பந்தல். புதுப் பாய் விரித்து, பானைகள் வைத்து, வெள்ளைக் கதர் உடுத்திய ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்து கும்பிட்டார்கள். நரைமீசைக்காரர் ஒருவர் ஓடியே வந்துவிட்டார்.

"ஐயா, அந்தப் பக்கம் மட்டும் போவாதீங்க. ஒங்க காலப் புடிச்சிக் கேட்டுக்கறேன். இங்க வந்து ஒக்காருங்க."

குடிசைக்காரன் அங்கிருந்தே கத்தினான். "காத்தாலேர்ந்து எம்பொழப்பக் கெடுத்துகினு கீறானுங்க. ஒரே பேஜாரு."

வியாபாரப் போட்டி என்று எனக்குப் புரிந்தது. கன்னியப்பனைப் பார்த்தேன். "எல்லாரும் கதரு கட்டிகினு கீறாங்களேடா?"

"சுதேசிச் சரக்கு மாமு. சீமைச் சாராயத்தத்தான் வாணாங்கறாங்க. இது நம்ம மரம், நம்ம கலயம். மூஞ்சியப் பாரு, இன்னா சிரிப்பு. இதான் கடை."

கள்ளுக்கடை மறியல் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. நானும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் மறியல் என்றால் கூச்சல், போலீஸ் தடி என்றுதான் நினைத்துவைத்திருந்தேன். பாய் விரித்து உட்கார வைப்பதும் மறியலில் சேர்த்தி என்று களைத்துப் போன கால்களுக்கு யார் சொல்வது?

பனையோலைப் பட்டையில் ஊற்றினார்கள். குடித்தேன். தித்தித்தது.

"கள்ளு இனிக்குமாடா?" என்று காதில் கேட்டேன்.

"நல்ல கள்ளு இனிக்கும். கலீஜ் கள்ளுதான் புளிக்கும்," என்றான் நிபுணன்.

அது பதநீர். குடிப்பவர்களைத் திருப்பி அழைத்து அவர்கள் ஊற்றிக்கொண்டிருந்தது பதநீர். பனையிலிருந்து இறங்கும் எதையும் அம்மா வீட்டு வாசலில் நிறுத்தவே விட்டதில்லை. நான் எதைக் கண்டேன்? நாலு பட்டை உள்ளே போனதும் எனக்குப் போதை ஏறிவிட்டது. சத்தியமாக ஏறிற்று. உடம்பு லேசானது. ஓலைச் சந்தில் தெரிந்த வானம் மெதுவாகச் சுற்றியது. உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள் என்று தோன்றி, நரைமீசைக்காரரின் தோளில் சாய்ந்துகொண்டேன். நாக்கு குழறியது. (குழற வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன், குழறிவிட்டது.)

அவர் பரிவோடு கேட்டார். "எத்தினி வருசமா தம்பி இந்தப் பழக்கம்?"

புதுசு என்று சொன்னால் மரியாதை குறைந்துவிடுமே என்று நினைத்தேன். "பத்து வருசமா."

"தெனமுமா?"

"ரெண்டு வேள."

பந்தலில் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். "இனிமே?" என்றார். "இனிமே இதத் தவிர வேற தொடமாட்டேன்," என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். உடனே அவர் என்னைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார். யாரோ மாலை போட்டார்கள். ஜால்ராவும் மத்தளமும் கிளம்பின. என்னை முன்னால் விட்டு, பஜனை பாடிக்கொண்டு எண்ணூர் ஸ்டேஷனுக்கு ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். குடித்தவனை மேளத்தோடு ரயிலேற்றி விடுகிற கடை உலகத்தில் வேறு எங்கே உண்டு என்று உருகிப்போய் நடந்தேன்.

பாசஞ்சர் வண்டி நின்றுகொண்டிருந்தது. நரைமீசைக்காரர் பெட்டி பெட்டியாகக் கேட்கும்படி குரல் எடுத்தார். "பத்து வருசமா தெனம் ரெண்டு வேள கள்ளுக் குடிச்ச இந்தத் தம்பி, இன்னிக்கி நம்ம பதநீரக் குடிச்சிட்டு, இனிமே கள்ளையே தொடறதில்லன்னு சத்தியம் பண்ணிட்டாரு."

பதநீர் என்ற சொல் காதில் விழுந்ததும் போதை இறங்கிவிட்டது. கன்னியப்பன் பக்கம் திரும்பி, "அப்ப அது கள்ளு இல்லியா?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு மட்டும் இன்னா தெரியும் மாமு? நானும் இன்னிக்கித்தான்..."

அந்த நேரத்தில் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இறங்கி வந்தார். சரக்கு வண்டியில் போகிறவர், யாரோ லீவு போட்டதால் அன்று பாசஞ்சருக்கு வந்திருந்தார். தனத்தின் அப்பா. கையில் சுருட்டிய பச்சைக்கொடி.

மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒனக்கு இருவத்திரெண்டு வயசு. பன்னெண்டு வயசுலயா ஆரமிச்ச?"

இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றேன். குடித்தேன் என்றால் பெண் இல்லை. குடிக்கவில்லை, குடிக்கத்தான் வந்தேன், அதுவும் ஏமாந்தேன் என்றால் பெண்ணும் இல்லை, மானமும் இல்லை. தனம் போய்விட்டாள் என்று மட்டும் தெரிந்தது. மாலையோடு நின்று அழுதேன். கூட்டம் அதையும் மனம் திருந்திய கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகப் பாடியது.

"ஏறு," என்றார். அவருடைய பெட்டியில் ஏற்றிக்கொண்டார். வண்டி திருவொற்றியூரை நெருங்கியது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது; பனைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் மாலையில் இருந்த பூவை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"ஓடாத வண்டியில பிரேக்கு கீதா இல்லியான்னு எவனுக்குத் தெரியும்? ஓடிகினு கீற வண்டி நின்னாத்தான் தெரியும். நூறு பேருக்கு முன்னால நின்னுட்ட. இனிமே நீ நெனச்சாலும் குடிக்க முடியாது. வெள்ளிக்கெழம ஒங்கம்மாவ நேரத்தோட வரச்சொல்லு, மாப்ள."

கல்யாணம் ஆன மூன்றாம் நாள் தனத்திடம் உண்மை முழுவதையும் சொன்னேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "நைனாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஒங்களப்பத்தி அவருக்குப் புடிச்சதே அது ஒண்ணுதான்," என்றாள்.

சொல்லவில்லை. அவர் கடைசிவரை வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம், 'குடிய வுட்ட மாப்ள' என்று என்னைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. கள் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியவர், தனத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க வூட்டுக்காரரு இப்ப எப்பிடி?" என்று விசாரித்தார். நான் அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தனம் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எங்கழுத்துல தாலி ஏறுனதுலேர்ந்து ஒரு சொட்டு தொட்டதில்லீங்க. அதுக்கு முன்னால அவரு பண்ணதையெல்லாம் கேக்காதீங்க."