கடைசித் தாளை வெட்டியவர் யார்?

அன்பும் மரியாதையும் உள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்படித்தான் அவர்கள் சொல்கிறார்கள். உண்மையா என்று நான் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை.

நீங்கள் கொடுத்த நாவலில் கதை சொல்லும் மூன்று பேரில் பொய் சொல்வது யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பினால், உங்கள் மாலை வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். எழுந்து நின்று பதில் சொல்ல வெட்கப்பட்டே எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மறுபடி படிக்க இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. அதனால் புத்தகத்தைத் தையல் கடைக்கே கொண்டுபோய், வேலைக்கு நடுவில் படித்தேன். முதலில் கணவன் வந்து, அன்று நல்ல மழை, நான் வீட்டிலேயே இல்லை என்கிறான். அவனை நம்பி நாற்பது பக்கம் அழுதேன். அடுத்து மனைவி வந்து, மழையே பெய்யவில்லை, அவர் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தார் என்கிறாள். சரி, இவள்தான் பாவம் என்று நினைத்தால், டாக்டர் வந்து அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்கிறார். உண்மை கடைசியில் இருக்கும் என்று புரட்டினால், சித்தி, கடைசித் தாளையே காணோம்!

கிழிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். கத்தரியால் வெட்டியிருந்தது, கோடு போட்ட மாதிரி. எங்கள் கடையில் அவ்வளவு நேராக வெட்டுபவர் கட்டிங் மாஸ்டர் ஒருவர்தான். அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். "என்னம்மா முறைக்கிற? நான் எந்தத் தாளையும் பாக்கல" என்கிறார். தாள் என்று நான் சொல்லவே இல்லையே! பட்டன் தைக்கும் அக்காவோ, "எனக்குப் படிக்கவே வராதுடி" என்று சிரிக்கிறார். அப்படியென்றால் தினமும் பஸ் போர்டை எப்படிப் படிக்கிறாராம்? வீட்டில் அம்மா, "உன் புத்தகத்த நான் ஏன் தொடப்போறேன்?" என்றார், அதைக் கையில் எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே.

மூன்று நாள் பொறுத்தேன். பேர் கேட்டாலே தலைகுனிகிற நான், நேற்று எழுந்து நின்று, "கடைசித் தாள வெட்டினது யாரு?" என்று கேட்டுவிட்டேன். எல்லா மெஷினும் நின்றுவிட்டது.

"அட, இதுக்கு வாய் இருக்கு!" என்றார் மாஸ்டர்.

"பதில் சொல்லுங்க மாஸ்டர்."

"மொதல்ல அந்தக் குழந்தைச் சட்டைக்குக் காலர் வெச்சு முடி."

பேச்சை எப்படி மாற்றுகிறார் பாருங்கள்! ஆகவே வெட்டியது மாஸ்டர், உடந்தை பட்டன் அக்கா. இவர்களால் என் பதில் தடைபட்டது. அதற்காக என்னைச் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். அவர்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. தங்கைக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உங்களை மட்டும் நம்பும் மகள்

பி.கு.: உறையை ஒட்டும் முன் அந்தக் காலரை முடித்துவிடலாம் என்று அளவுக் காகிதத்தை எடுத்தேன். துணிமேல் வைத்து வெட்டுவதற்காக, போன வாரம் நானே வெட்டிவைத்தது. "சின்னக் காலர்" என்று என் கையெழுத்து. அதன் பின்பக்கத்தில் டாக்டர் பேசிக்கொண்டிருக்கிறார். கணவனுக்காக அழுத அன்று, கண்ணீரில் எந்தத் தாள் என்று பார்க்காமல் வெட்டியிருக்கிறேன். "பொய் சொன்னது" என்று கடைசி வரி தொடங்குகிறது. பேர் இருந்த இடத்தில் கழுத்து வளைவு. மாஸ்டரிடம் காட்டினேன். "அன்னைக்கே பாத்தேன். சொன்னா அழுவியேன்னு விட்டுட்டேன். வெட்டு நல்லா நேராத்தான் இருக்கு" என்றார்.

மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை, சித்தி. பொய் சொல்கிறோம் என்றே தெரியாமல் ஒருத்தி சொன்ன கதை அது. இதையே என் பதிலாக வைத்துக்கொண்டு சேர்த்துக்கொள்வீர்களா? எழுந்து நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன்.

ஆனால் அந்த பஸ் போர்டு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.