முப்பத்திரண்டு பௌர்ணமியாக வராத ஒன்றாம் நம்பர்

கொட்டச்சேடு,
சித்திரை 10.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை பாலகுமார் அவர்களுக்கு, மாமனார் மாதேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை கிருஷ்ணம்மாள், வாசலில் உள்ள மிளகுக்கொடி ஆகிய மூவரும் மாரியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். ராசிபுரத்தில் நீங்களும் மகள் மலரும் குழந்தையும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். போனில் பேசத்தான் பார்த்தேன். ஆனால் "மாப்பிள்ளை, ஒரு பகடைக் கணக்கு" என்று நான் ஆரம்பித்தவுடன் உங்கள் பக்கம் டவர் போய்விடுகிறது. இதுவரை மூன்று முறை போய்விட்டது. மற்ற விஷயம் பேசினால் நன்றாகக் கேட்கிறது. மலையில் இருக்கும் எங்களுக்கே டவர் கிடைக்கும்போது ராசிபுரத்தில் இவ்வளவு மோசம் என்றால் அங்கே எப்படிக் காலம் தள்ளுகிறீர்களோ தெரியவில்லை. கணக்கு வாத்தியாரான உங்களிடம் எழுத்து மூலமாகவே கேட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

விஷயம் எங்கள் காலனிக் கோயில் சம்பந்தப்பட்டது. பன்னிரண்டு வீடு, ஒரு மாரியம்மன், மாதம் ஒரு பௌர்ணமிப் பூசை. அந்த மாதம் எந்த வீட்டுக்கு முதல் மரியாதையோ அந்த வீட்டு ஆணின் தலையில் பரிவட்டத் துணியைக் கட்டுவார்கள். அந்த வீட்டு அம்மாவின் பேரைத்தான் பூசாரி முதலில் சொல்லி அழைத்துத் திருநீறு கொடுப்பார். பதிலுக்கு அவர்கள் பெரிய அண்டாவில் பொங்கல் வைத்து ஐம்பது பேருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவிழ்க்க வேண்டும், அது ஒரு சின்ன வேலை. இந்த மரியாதை யாருக்கு என்பதில் மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய தகராறு வந்து, இரண்டு மாதம் பூசையே நின்றுபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சீட்டுக் குலுக்கிப் பார்த்தோம். ஒரு சீட்டு மட்டும் மஞ்சள் வாசனை அடித்ததால் அதுவும் சண்டையானது. அப்போது எஸ்டேட்டில் நாற்பது வருஷம் ரைட்டராக இருந்து மஸ்டர் ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் நான்தான் எழுந்து, தாயக்கட்டை உருட்டலாம் என்றேன். உருட்டிப் பார்த்ததில் ஒன்று முதல் ஆறு வரை விழுந்தது, இரண்டு கட்டையும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டும் வந்தது, ஆனால் ஏழு முதல் பதினொன்று வரை வரவே இல்லை. அந்த நம்பர் கிடைக்கும் வீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா. ஆகவே நானே அடிவாரம் வரை பஸ்ஸில் இறங்கிப் போய், பிள்ளைகள் விளையாடும் ஆறு முகப் பகடை இரண்டு வாங்கி வந்தேன். ஆறும் ஆறும் பன்னிரண்டு, வீடும் பன்னிரண்டு. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

பிறகு ஆளுக்கொரு நம்பர் எடுக்கச் சொன்னோம். தாயம் ஆடுகிற ஊரில் ஒன்றின் மகிமை தெரியாதவர் கிடையாது. தாயம் விழாமல் எவனும் ஆட்டத்தில் காயை இறக்க முடியாது, அந்தத் தாயம் என்பதே ஒன்றுதான். அதற்கு அடிதடி நடக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத உங்கள் அத்தை எழுந்து, "ஏனுங்க, எங்க ஊட்டுக்கு ஒன்னாம் நம்பரே இருக்கட்டுங்க" என்று கேட்டுவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் உங்களோடு அரைமணி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தாள், குழந்தைக்குப் பல் முளைப்பதைப் பற்றி என்று நினைக்கிறேன், அந்தத் தெம்பில் வாய் வந்திருக்கலாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவளுக்குள் இவ்வளவு ஆசை இருந்திருக்கிறதே, இத்தனை வருஷம் தெரியாமல் போனதே என்று அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாப்பிள்ளை, அதற்குப் பிறகு முப்பத்தொரு பௌர்ணமி இந்த இரண்டு பகடையையும் உருட்டியாகிவிட்டது. ஒன்று ஒரு தடவைகூட வரவில்லை. ரைட்டர் புத்தி விடாது, எல்லாவற்றையும் நோட்டில் பதிந்திருக்கிறேன். ஏழு ஆறு தடவை, ஆறு ஐந்து தடவை, ஐந்தும் எட்டும் நந்நான்கு, நான்கும் ஒன்பதும் மும்மூன்று, மூன்றும் பத்தும் இரண்டிரண்டு, இரண்டும் பதினொன்றும் ஒவ்வொன்று. பன்னிரண்டும் ஒன்றும் பூஜ்யம். ஏழாம் நம்பர் ஜீப் டிரைவர் முருகனுடையது. ஆறு தடவை பரிவட்டம் கட்டியதில் அவன் நடையே மாறிவிட்டது, இப்போதெல்லாம் தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் திருப்பி வணக்கம் சொல்கிறான். பன்னிரண்டாம் நம்பர் பூவாயிக்கும் நம்மைப் போலத்தான் என்று ஆறுதல் சொல்லப் போனேன். "எனக்கு மூட்டுவலிங்க, வராத வரைக்கும் நல்லதுங்க" என்றாள். மனவருத்தத்தை அப்படி மறைக்கிறாள், பாவம்.

பகடையில் கோளாறா என்று பார்க்கத் தண்ணீரில் மிதக்கவிட்டேன், பாலில் கழுவினேன், புதுசாக இரண்டு வாங்கி மாற்றினேன். உருட்டும் கையில் கோளாறா என்று பார்க்க, கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாத பஸ் ஸ்டாப் டீக்கடை ஸ்டெபினைக் கூப்பிட்டு உருட்டச் சொன்னேன். அவன் உருட்டிய முதல் தடவையே ஏழு விழுந்தது, முருகன் பரிவட்டத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு தயாராக நின்றான். கடைசியில் நானே வீட்டில் உட்கார்ந்து நான்கு நாளில் முந்நூற்று அறுபது தடவை உருட்டினேன். ஏழு அறுபத்து மூன்று. பன்னிரண்டு எட்டு. ஒன்று இல்லை. உங்கள் அத்தை எதிரில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "உருட்டுங்க, உருட்டுங்க, கையி நோவுனாச் சொல்லுங்க, தைலம் தேச்சு உடறேன்" என்றாள். அவளுடைய பொறுமையைப் பார்த்து எனக்கு மனசு நொந்துவிட்டது. இத்தனை நாள் வராத ஒன்று எல்லாம் எங்கேயோ சேர்ந்துகொண்டுதானே இருக்க வேண்டும், ஒருநாள் கதவு திறந்தால் தொடர்ந்து முப்பது பௌர்ணமி நம் வீட்டுக்கே வரும் என்று சொல்லி அவளைத் தேற்றினேன். அவள் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஸ்டெபின் கொஞ்சம் படித்தவன். அவன்தான் டீக்கடைப் பலகையில் கரித்துண்டால் எழுதிக் காட்டினான். "ஏழு வாரதுக்கு ஆறு வழி இருக்குதுங்க ரைட்டரே. ஒன்னும் ஆறும், ஆறும் ஒன்னும், ரெண்டும் அஞ்சும், அஞ்சும் ரெண்டும், மூணும் நாலும், நாலும் மூணும். பன்னெண்டுக்கு ஒரே வழிங்க, ஆறும் ஆறும். மொத்தம் முப்பத்தாறு வழிங்க." எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முருகன் வீட்டுக்கு ஆறு பாதை, பூவாயி வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை. "அப்ப ஒன்னுக்கு எத்தன வழி?" என்று கேட்டேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தான், பஸ்ஸுக்காக நின்றிருந்த உங்கள் அத்தையைப் பார்த்தான். அவள் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அத நீங்க உங்க மாப்பிள்ளையையே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டான். உங்கள் படிப்புக்கு எங்கள் டீக்கடை வரை மரியாதை இருக்கிறது.

வழி குறைவு என்பதுதான் வியாதி என்றால் மருந்து சுலபம். எஸ்டேட்டில் வேலை முடியாவிட்டால் ஒரு ஆளைக் கூட்டிப் போடுவோம். அதேபோல ஒரு பகடையைக் கூட்டிப் போட்டால் என்ன என்று பங்குனிப் பௌர்ணமிக் கூட்டத்தில் கேட்டேன். ஏழாம் நம்பர்மேல் எல்லோருக்கும் கடுப்பு இருந்ததால் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஸ்டெபின் மட்டும் "வேண்டாமுங்க" என்றான், அவன் வெளியாள் என்பதால் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று பகடையையும் அவனே தாம்பாளத்தில் உருட்டினான். பதினான்கு விழுந்தது.

"பதினாலு ஆருதுங்க?" என்று முருகன் கேட்டான், குரலில் ஒரு நக்கல் இருந்தது. பூசை நின்றுவிடும் போலிருந்தது. நான் விடவில்லை. ரயிலில் பதினான்கு மணி என்றால் நம் கடிகாரத்துக்கு இரண்டு மணி, ஆகவே பன்னிரண்டுக்கு மேலே போனால் பன்னிரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும், பதினான்கு என்பது இரண்டு என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டாம் நம்பர் கண்ணம்மாள் வீட்டுக்கு மரியாதை போனது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உங்கள் அத்தை மட்டும் விரல் விட்டு என்னவோ எண்ணிப் பார்த்தாள், முகம் சுண்டிப்போய் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று ராத்திரி ரசத்தில் உப்பில்லை. முப்பத்திரண்டாவது தடவையும் ஏமாந்தால் யாருக்குத்தான் மனசு தாங்கும்.

ஒரு விஷயத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் ரைட்டராக இருந்த அதே எஸ்டேட்டில்தான் அவள் காப்பிப் பழம் பறித்தாள். காலையில் பேர் கூப்பிடும்போது சொந்தப் பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அவள் பேரை எப்போதும் கடைசியில்தான் எழுதினேன். தொண்ணூறு பேரைக் கூப்பிட்டு முடிக்கும் வரை மார்கழிப் பனியில் சாக்குக் கொங்காணியை மடித்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஓரமாகக் காத்திருப்பாள். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஒரே ஒரு தடவை, அத்தனை பேருக்கு முன்னால், அவள் பேரை முதலில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பரிவட்டம்கூட எனக்கு அவ்வளவு முக்கியமில்லை, கட்டினால் கட்டிக்கொள்வேன். பதினைந்தாம் தேதி சித்ரா பௌர்ணமி. அதற்குள் நான்கு பகடை போட்டால் ஒன்று வருமா, ஐந்து போட வேண்டுமா என்று கணக்குப் போட்டு ஒரு வரி எழுதினால் இந்தக் கிழவன் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டான்.

மலரை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லவும். குழந்தைக்கு என் முத்தங்கள். மாரியம்மன் உங்கள் மூவருக்கும் நல்ல உடம்பையும், உங்கள் வீட்டுக்கு நல்ல டவரையும் கொடுக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலைப் பார்த்துக் காத்திருக்கும்,
மாதேஸ்வரன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், தபாலில் போடுவதற்குள் பௌர்ணமி வந்து போய்விட்டது. ஆகவே பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். ஏற்கெனவே படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். நேற்று மூன்று பகடையில் ஆறு, நான்கு, மூன்று விழுந்தன. பதின்மூன்று. "பன்னெண்டு போனா ஒன்னுங்க" என்று ஸ்டெபின் மெதுவாகச் சொன்னான். என் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். பூசாரி "கிருஷ்ணம்மா" என்று முதலில் கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வந்து திருநீறு வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, கூட்டம் மொத்தமும் கேட்கச் சொன்னாள்: "ஏனுங்க, இப்பச் சந்தோசமா? ரெண்டு டைஸுல ஒன்னு எப்புடீங்க வரும்? கொறஞ்சது ரெண்டு இல்லீங்களா? வராத நம்பரு எதுன்னு மாப்பிள்ளையக் கேட்டுத்தானுங்க நான் அத எடுத்தேன். அம்பது பேருக்கு அண்டா தூக்க எனக்கு இடுப்பு இருக்குதுங்களா? நீங்க மூணாவதக் கொண்டாந்து போட்டு, கழிச்சும் உட்டு, நேரா ஊட்டுக்கே கூட்டியாந்துட்டீங்க."

ராசிபுரத்து டவர் இப்போது எனக்கு விளங்கிவிட்டது.

மஸ்டரில் அவள் பேரைக் கடைசியில் எழுதியதைப் பற்றியும், அதற்காகத்தான் இத்தனை பாடு என்பதையும் அவளிடம் சொன்னேன். "மொதல்ல கூப்புட்டவிய மொதல்லயே காட்டுக்குள்ள போனாங்க. நான் கடைசீங்கறதால தெனமும் ஒரு கால்மணி நேரம் உக்காந்திருந்தனுங்க. அந்த நாப்பது வருசத்துல நான் உக்காந்தது அவ்வளவுதானுங்க. உங்குளுக்குத் தெரிஞ்சுதான் எழுதறீங்கன்னு இருந்தேன்" என்றாள். எனக்குத் தெரிந்து எழுதவில்லை மாப்பிள்ளை. அவளைக் கோயில் படியில் உட்காரவைத்துவிட்டு, பரிவட்டம் கட்டிய தலையோடு நானே பொங்கல் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது, ஐம்பது பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும்போது சாயங்காலம் மணி நான்கு. அது சின்ன வேலை அல்ல.

நீங்கள் கணக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து மறுபடி இரண்டு பகடைதான் என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஒன்று வராது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், பரிதாபப்பட்டு, இனி அண்டாவை நீங்களே தூக்குவதானால் உங்களுக்கு வேறு நம்பர் கொடுக்கட்டுமா, வேண்டுமானால் ஏழையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று முருகன் கேட்டான். உங்கள் அத்தை படியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாள். வேண்டாம், எங்கள் வீட்டுக்கு ஒன்றே இருக்கட்டும் என்றேன்.