மிக்ஸியும் ஒரு முலாம்பழமும்

மிக்ஸி மூடி இறுகவே இல்லை. இன்று மாலைக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் நாளை வரவே வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். உணவியல் படித்து, குடும்பத்திலேயே முதல் பட்டம் வாங்கியவள், முலாம்பழமும் கையுமாக அடுத்தவர் சமையலறையில் நின்றாள். அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிய அப்பாவிடம் இதை யார் சொல்வது?

"உள்ள பச்சையா இருக்கிற ஜாதி மேடம் இது. பெரும்பாலும் தண்ணிதான். வைட்டமின் சி, பொட்டாசியம் எல்லாம் இருக்கு. ஒரு கத்தி குடுங்க."

கதவைத் திறந்துவிட்ட அம்மணி மூன்று இழுப்பறைகளைக் குடைந்து, நான்காவதில் கத்தியைக் கண்டுபிடித்தார். சொந்த வீட்டில் கத்தி எங்கே என்று தெரியாத பவிசு! இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூஸ் சப்பென்று இருந்தது. பழம் காய்வெட்டு, பழுக்குமுன்னே பறித்தது. அம்மணியோ ஒரே மடக்கில் குடித்தார்.

"பசி அடங்கலையே. இதுல சூப் வருமா?"

"வராம? சில்லுனு வரும்."

இஞ்சி, மிளகு, உப்பு போட்டு ஓட்டினாள். மூடி பறந்தது. சுவர் பச்சை, திரைச்சீலை பச்சை. மேலே சுற்றிய மின்விசிறி மிச்சத்தைக் கூடம் வரைக்கும் பங்கு வைத்தது. பதறிப்போய் கைக்குக் கிடைத்த துணியால் துடைத்தாள்.

"ஐயோ, வெள்ளைச் சட்டை! யாரோடது மேடம்?"

"யாரோடதோ. நல்லா அழுத்தித் துடைங்க."

பணக்காரத் திமிர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மீதிப் பழத்தை எலுமிச்சை பிழிந்து சாலட் ஆக்கினாள். அதிலும் முக்கால்வாசி காலி.

"மிக்ஸி எடுத்துக்கிறீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேனே."

"காலையிலேர்ந்து எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க!"

"அப்படிச் சொன்னா விட்டுடாதீங்க. இன்னும் கொஞ்சம் பேசணும்," என்றார் அம்மணி, வாய் நிறையப் பழத்தோடு.

"வேலை போயிடும் மேடம்!"

அம்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதாம்மா அந்தக் கஷ்டம்?"

விற்றாயிற்று! ரசீதை எடுக்கக் குனிந்தபோது வாசலில் நிழல் ஆடியது. பால் பாக்கெட்டோடு ஒரு பெண் சுவரையே வெறித்தாள். பக்கத்து வீடு போலிருக்கிறது, இன்னொரு மிக்ஸி!

"வாங்க மேடம், ஒரு வாய் சாலட் சாப்பிடுங்க!"

வந்தவள் இவளைக் கண்டுகொள்ளவே இல்லை. அம்மணியைப் பார்த்துக் கத்தினாள்:

"ஏம்மா, வாட்டர் ஃபில்டர் விக்க வந்தவளே! பால் வாங்கிட்டு வர்ற வரைக்கும் உக்காருன்னு விட்டுட்டுப் போனா, இன்னொருத்தியைக் கூட்டிவெச்சு என் வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட்டா அடிக்கிற?"