டம்ளர் தளும்பிய விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

தங்கள் அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் அக்காளும் நலம். கார் மட்டும் நலமில்லை. தங்கள் நலத்தையும் தங்கள் பட்டறையின் நலத்தையும் விசாரிப்பது முறை என்பதால் விசாரித்துவிட்டேன். பதில் வேண்டியதில்லை.

போன வாரம் தங்களிடம் நான் விட்டுவிட்டு வந்தது பதினாலு வருஷம் ஓடிய குடும்பக் கார். அதற்கிருந்த குறை ஒன்றே ஒன்று. கிளட்ச் தேய்ந்துபோய், மேடேறும்போது எஞ்சின் கத்துமே தவிர வண்டி நகராது. தேய்ந்ததைக் கழற்றிவிட்டு அதே மாதிரி ஒன்றைப் போடுங்கள் என்றேன். தாங்களோ பந்தயக் காருக்குப் போடுகிற கிளட்ச்சை மாட்டிவிட்டு, "அத்தான், உங்களுக்குன்னா சாதா சாமான் போட மனசு வரல" என்று பல்லைக் காட்டினீர்கள். ஏன் மாப்பிள்ளை, நான் ஆபீசுக்கும் மளிகைக் கடைக்கும் போகிறவன், என்னை எந்தப் பந்தயத்தில் பார்த்தாய்? பெடலை அமுக்கினால் கருங்கல்லை அமுக்குவது போலிருக்கிறது, காலை மெல்ல எடுத்தால் பாதி தூரம் வரை ஒன்றுமே நடப்பதில்லை, அதற்கடுத்த நூலிழையில் வண்டி பாய்கிறது, இல்லாவிட்டால் நின்றுபோகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடையவே கிடையாது. போன் போட்டுக் கேட்டால், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் பதமாகிவிடும் என்கிறாய். என் வீட்டுக்கும் ஆபீசுக்கும் மூன்று கிலோமீட்டர். எத்தனை மாதம் நான் தெருவில் குதித்துக்கொண்டு போக வேண்டும் என்று நீயே பார்த்துக்கொள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நீ.

நான் யார் என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. லைசென்ஸ் ஆபீசில் இருபத்தாறு வருஷமாகத் தேர்வு வைக்கிறவன். ஓட்ட வருகிறவர் முன்னால் டேஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன். ஒரு சொட்டு சிந்தினால் "அடுத்த மாசம் வாங்க", அவ்வளவுதான், மேல்பேச்சு கிடையாது. முதுகுக்குப் பின்னால் என்னை டம்ளர் என்றுதான் சொல்கிறார்கள், தெரியும், அதில் எனக்குப் பெருமைதான். பதினோரு வருஷத்துக்கு முன் உன் அக்காவே தேர்வுக்கு வந்து ஒரு சொட்டு சிந்தியபோது, "சொந்தக்காரங்களுக்குச் சலுகை கிடையாது" என்று இறக்கிவிட்டவன் நான். அவளும் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நேர்மைக்கு அவளும் மரியாதை தந்தாள் என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவன் திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலில் என்ன ஆனேன் தெரியுமா? வாசலில் இருப்பது ஒரு சின்ன ஏற்றம், சைக்கிள்காரன்கூட இறங்காமல் ஏறுவான். தேர்வுக்கு வந்த நாற்பது பேர் வரிசையில் நின்று பார்க்க, வண்டி மூன்று தரம் நின்றது, நாலாவது தரம் தவளை மாதிரி குதித்தது, குதித்த குதியில் என் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது, பின்னால் வந்தவன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. கடைசியில் வாட்ச்மேனும் இரண்டு பேருமாகத் தள்ளி உள்ளே விட்டார்கள். தள்ளியவர்களில் ஒருவர் ரொட்டி வேன்காரர், என்னிடம் நாலு தடவை தோற்றவர். ஜன்னல் பக்கம் குனிந்து, ரொம்ப மரியாதையாக, "பரவாயில்ல சார், அடுத்த மாசம் வாங்க" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. என் மானம் கப்பலேறிவிட்டது, மாப்பிள்ளை. அதற்கு முந்தின நாள் எங்கள் தெருவிலேயே டம்ளரை வைத்து ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் முழுவதும் மடியில். இறங்கி வந்தபோது எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் என் பேண்ட்டைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வயசு என்ன ஆகிறது என்று கேட்டார்.

இதுவரைக்கும் போனது மானம்தான். இனிமேல் போகப்போவது நாற்காலி. வருகிற பதினெட்டாம் தேதி, தேர்வு வைக்கிற அத்தனை பேரும் அவரவர் சொந்தக் காரில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதில் டம்ளரையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவனே நான். நுணலும் தன் வாயால் கெடும். தோற்றுப்போனால் ஓய்வு பெறும்வரை பழைய கோப்பு அறையில் உட்கார்ந்து தூசி தட்ட வேண்டியதுதான். ஆகவே சனிக்கிழமைக்குள் நீ இங்கே வந்து அந்த எமனைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண கிளட்ச்சை மாட்டித் தர வேண்டும். இல்லையென்றால் உன் பட்டறைப் படியை நான் இனி மிதிக்க மாட்டேன், நீ போட்ட பெடலைவிட அந்தக் கல்படி இளக்கமாக இருந்தாலும் சரி.

தங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்களுக்கு இந்தத் தடவை ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
குதித்துக் குதித்து ஆபீஸ் போகும்
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: நாலு நாளைக்கு முன் தபாலில் போடச் சொல்லி இதை உன் அக்காவிடம் கொடுத்தேன். உறையை ஒட்டாமல் கொடுத்தது என் தப்பு. நின்றபடியே முழுதும் படித்தாள். "அவன் மேல ஏன் பாயறீங்க? நான்தான் போடச் சொன்னேன்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து டேஷ்போர்டில் வைத்துவிட்டு, சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்துக்கொண்டு, கடைத்தெரு வரை போய், ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி எடுத்து, வீடு வந்து சேர்ந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. சனிக்கிழமைதோறும் உன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வருகிறாள் என்று நம்பியிருந்தேனே, உன் பட்டறையில் புது கிளட்ச் போட்ட வண்டிகளையெல்லாம் ஓட்டிப் பதப்படுத்தித் தருவது அவள்தானாமே. வேறு ஊர் ஆபீசில் லைசென்ஸ் வாங்கி எட்டு வருஷம் ஆகிறதாமே. நீயும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சொல்லித் தருகிறாள். "குதிகாலைத் தரையில ஊனுங்க. ஆக்சிலேட்டரை ஒரு பொட்டு முன்னாடியே ஏத்திப் பிடிங்க. கிளட்ச் கடிக்கிற இடத்துல ஒரு மூச்சு நில்லுங்க, அப்புறம் தயங்காம விட்டுடுங்க. நீங்க பயந்து பயந்து தடவுறதுனாலதான் அது உதறுது." குதிப்பது நின்றுவிட்டது. ஆகவே நீ வர வேண்டாம், கிளட்ச் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் தேர்வுக்கு வந்த அன்றைக்கு எல்லோருக்கும் முக்கால் டம்ளர் ஊற்றிய நான், ஆபீசில் நாலு பேர் நாலு விதமாகப் பேசக் கூடாதே என்று, அவளுக்கு மட்டும் விளிம்புவரை ஊற்றினேன். "அன்னைக்கே பார்த்தேன்" என்றாள். எனக்கும் இப்போது விளிம்புவரைதான் ஊற்றுகிறாள். மூன்று தடவை தோற்றுவிட்டேன். பதினெட்டாம் தேதி கிட்டே வந்துவிட்டது, முக்கால் டம்ளராவது ஆக்கேன் என்று நேற்றுக் கெஞ்சியே பார்த்தேன். "சொந்தக்காரங்களுக்குச் சலுகை கிடையாது" என்று சொல்லி, இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.